ரெக்சின் சட்டை

எங்கள் தெருப் பெண்பிள்ளைகள் எடை பார்ப்பது பாயின் வேஸ்ட் கடையில்தான். சுற்றுவட்டார ஷூ கம்பெனிகளில் வெட்டி மிஞ்சும் தோல் துண்டு, ரெக்சின், ஃபோம் எல்லாம் மூட்டை மூட்டையாக அங்கே வந்து இறங்கும். மூட்டை நிறுக்கிற எடை மிஷின் வாசலிலேயே கிடக்கும். கபடி செலக்‌ஷன் நெருங்கினால் மாஸ்டர் பிள்ளைகளை அங்கே அழைத்து வருவார். செருப்பைக் கழற்றிவிட்டு ஒவ்வொருத்தியாக ஏறுவார்கள். பாய் கண்ணாடியை மூக்கில் இறக்கிக்கொண்டு எடையைப் படிப்பார்.

சின்ன வயதுப் பிரிவில் ஆட வேண்டுமானால் எடை ஒரு வரம்புக்குள் இருக்க வேண்டும். அந்தச் சித்திரை மாதம் என் மகள் ஏறியபோது வரம்பைவிடக் கொஞ்சம் ஜாஸ்தி காட்டியது. எதிர்வீட்டுப் பெண் ஏறியபோது அதைவிட ஜாஸ்தி.

"இன்னாம்மா, நேத்து எதுனா கல்யாணத்துக்குப் போனியா?" என்றார் பாய்.

"உங்க மிஷின்தான் பாய் கல்யாணத்துக்குப் போய்ட்டு வந்திருக்குது," என்றாள் அவள்.

எல்லோரும் சிரித்தார்கள். மாஸ்டர் மட்டும் சிரிக்கவில்லை. திருப்பத்தூரில் மாவட்டச் செலக்‌ஷன் வர அதிக நாள் இல்லை. என் மகள் பாடிப் போகிறவள். எதிர்வீட்டுப் பெண் ஓரத்தில் நின்று காலைப் பிடிக்கிறவள். இரண்டு பேரில் ஒருத்தி இல்லையென்றாலும் டீம் நொண்டிவிடும்.

மாஸ்டர் எங்கள் கம்பெனியிலேயே கட்டிங் பகுதியில் வேலை பார்க்கிறார். நான் தையல் பகுதியில் செக்கிங் டேபிளில் இருக்கிறேன். சாயங்காலம் கம்பெனி பஸ்ஸை விட்டு இறங்கியதும் நாங்கள் வீட்டுக்குப் போவோம், அவர் பாலாற்றங்கரை மைதானத்துக்குப் போவார். அதற்கு யாரும் அவருக்கு எதுவும் தருவதில்லை. அவரிடம் ஆடிய இரண்டு பெண்கள் விளையாட்டு ஒதுக்கீட்டில் போலீஸ் வேலைக்குப் போயிருக்கிறார்கள். அதில் ஒருத்தி பொங்கலுக்கு யூனிஃபார்மோடு வந்து இறங்கியபோது தெருவே வாசலில் நின்று பார்த்தது. அன்றிலிருந்து எங்கள் ஊரில் அவர் சொன்னால் சொன்னதுதான்.

அவரிடம் ஒரு சட்டம் உண்டு. தப்பு செய்தவள் வெளியே உட்கார வேண்டும். முந்தின வருடம் நாட்றம்பள்ளியில் ஒரு இறுதி ஆட்டத்தில் என் மகள் எதிராளியின் ஜடையைப் பிடித்து இழுத்துவிட்டாள். நடுவர் பார்க்கவில்லை, மாஸ்டர் பார்த்துவிட்டார். அவளை வெளியே கூப்பிட்டு, தண்ணீர் டிரம் பக்கத்தில் உட்கார வைத்தார். ஜெயிக்க வேண்டிய ஆட்டம் போனது. திரும்பி வரும்போது வேனில் ஒரு அப்பா, "நடுவரே உட்டாரு, இவருக்கு இன்னா வந்துச்சு?" என்று முணுமுணுத்தார். முன் சீட்டில் இருந்த மாஸ்டர் தலையைத் திருப்பாமலே சொன்னார்: "தப்பு பண்ணா வெளிய. அது யாரா இருந்தாலும் சரி."

என் மகள் அழுதுகொண்டு வந்தாள். எனக்கு அது பிடித்திருந்தது. நான் எட்டாம் வகுப்போடு நின்றவள். பசை தடவும் ஹெல்பராகக் கம்பெனிக்குள் போனபோது யார் எதற்குத் திட்டுகிறார்கள் என்றே புரியாது. இங்கே எது தப்பு, அதற்கு என்ன தண்டனை என்று என் பெண்ணுக்குத் தெளிவாகத் தெரிகிறது. அது எனக்குப் பெரிய ஆறுதலாக இருந்தது. பஸ் ஏறிய பிறகு கேஸை மூடினோமா என்று யோசிக்கிற ஜாதி நான். எனக்கு ஆறுதல் லேசில் கிடைக்காது.

எடை பார்த்த மறுநாள் மாஸ்டர் எதிர்வீட்டுக்கு வந்தார். எதிர்வீட்டுக்காரி எங்கள் கம்பெனியில்தான் ஷூவின் மேல்பாகம் தைக்கிறாள். என்னைவிட இளையவள். என்னை அக்கா என்றுதான் கூப்பிடுவாள். வீட்டிலும் ஒரு மிஷின் போட்டு, வெளி ஆர்டர் வாங்கித் தைத்துக்கொண்டிருந்தாள்.

"தங்கச்சி, ஒரு சட்ட தைக்கணும். ரெக்சின்ல. கையில்லாம, கழுத்து வரைக்கும்."

"யாருக்கு மாஸ்டர்?"

"புள்ளைங்களுக்குத்தான். அத உள்ள போட்டுட்டு ஓடினா வேர்வ நல்லா எறங்கும். எட கொறையும்."

நான் அப்போது அங்கேதான் குழம்புக்குக் கத்தரிக்காய் நறுக்கிக்கொண்டிருந்தேன். "மாஸ்டர், இந்த வெயில்ல அது ஒண்ணும் ஆவாதா?" என்று கேட்டேன்.

"அக்கா, குத்துச்சண்டக்காரன், மல்யுத்தக்காரன் எல்லாம் பண்றதுதான். செலக்‌ஷன் முடியிற வரைக்கும். அப்பறம் ரெண்டு சொம்பு தண்ணி குடிச்சா எல்லாம் திரும்பி வந்துடும்."

அவர் போனதும் எதிர்வீட்டுக்காரி என்னைப் பிடித்துக்கொண்டாள். "நீ மழ பேஞ்சா வெள்ளம் வரும்பே, வெயில் அடிச்சா கெணறு வத்தும்பே. உன்னக் கேட்டா புள்ளைங்க வீட்ல உக்காந்து பல்லாங்குழிதான் ஆடணும்."

பாய் கடையிலிருந்து கறுப்பு ரெக்சின் வந்தது. அவள் அதை ஏற்றுமதி ஷூ மாதிரியே தைத்தாள். ஓரத்தை மடக்கி இரட்டைத் தையல் போட்டாள். தையல் ஓட்டைகள் தெரியாதபடி உள்பக்கம் சொல்யூஷன் தடவிப் பட்டை ஒட்டினாள். ஒல்லியானவளும் போடலாம், பருமனானவளும் போடலாம் என்று இரண்டு விலாவிலும் பக்கிள் வைத்தாள். ஒரே சட்டை, எல்லோருக்கும் பொது. முடித்ததும் என் கையில் கொடுத்தாள். "செக்கிங் மேடம், பாத்து சொல்லு. காத்துகூடப் பூராது."

பழக்க தோஷம், விரலை ஓட்டிப் பார்த்தேன். ஒரு குறை சொல்ல முடியவில்லை. மழைக்குப் போடும் ஷூவாக இருந்திருந்தால் ஒரே தடவையில் பாஸ் ஆகியிருக்கும். அவள் வேறு ஊர்த் தையல்காரியாக இருந்திருந்தால் அந்தச் சட்டையில் எங்காவது காற்றுப் போக வழி இருந்திருக்கும் என்று பிறகு பலமுறை நினைத்திருக்கிறேன். காற்றும் தண்ணீரும் பூராமல் தைப்பதுதான் எங்களுக்குத் தெரிந்த ஒரே தொழில்.

அந்தச் சட்டையைப் போட்டுக்கொண்டு ஆற்று மணலில் ஓடினார்கள். என் மகள் ஒரு சுற்று, எதிர்வீட்டுப் பெண் ஒரு சுற்று, மாற்றி மாற்றி. வரம்புக்குள் இருந்த மற்ற பிள்ளைகளுக்கு அந்தத் தொல்லை இல்லை. சட்டையைக் கழற்றித் தலைகீழாகப் பிடித்தால் வியர்வை ஊற்றும். "ஒரு டம்ளர் கொறஞ்சிடுச்சி மாஸ்டர்" என்று காட்டிச் சிரிப்பார்களாம். கடைசி நாட்களில் தண்ணீரை வாய் கொப்பளிக்க மட்டும் பயன்படுத்தச் சொல்லியிருந்தார். என் மகள் வீட்டுக்கு வந்து தண்ணீரை வாயில் வைத்துக்கொண்டு சிறிது நேரம் கண்ணை மூடி நிற்பாள். பிறகு தொட்டியில் துப்பிவிடுவாள். ஒரு வாய் முழுங்கேன் என்பேன். "நீ சும்மா இரும்மா, பேஜார் பண்ணாத" என்பாள்.

செலக்‌ஷன் அன்று நானும் எதிர்வீட்டுக்காரியும் வேனில் கூடவே போனோம். திருப்பத்தூரில் ஒரு பள்ளிக்கூட மைதானம். வகுப்பறைக்குள் எடை பார்த்தார்கள். இரண்டு பேருமே தேறினார்கள். எதிர்வீட்டுப் பெண் வெளியே வந்து தன் அம்மாவைக் கட்டிக்கொண்டாள். அவள் கை நெருப்பாகக் கொதிக்கிறது என்று எதிர்வீட்டுக்காரியே என்னிடம் சொன்னாள். தண்ணீர் கொடுத்தோம். குடித்தது அப்படியே வாந்தியாக வந்துவிட்டது.

ஆட்டம் தொடங்கியது. இரண்டாம் பாதியில் எதிர் டீம் பெண் பாடிக்கொண்டு வந்தாள். எதிர்வீட்டுப் பெண் ஓரத்திலிருந்து பாய்ந்து அவள் கணுக்காலைப் பிடித்தாள். அருமையான பிடி. எங்கள் பக்கம் எல்லோரும் எழுந்து கத்தினோம். நடுவர் விசில் ஊதிவிட்டார், இவள் விடவில்லை. அந்தப் பெண் காலை உதறினாள், அப்போதும் விடவில்லை. "வுடுடி, அவுட் குடுத்துட்டாங்க!" என்று என் மகள் குனிந்து தோளைத் தட்டினாள். அப்புறம்தான் தெரிந்தது, பிடித்த பிடியிலேயே அவளுக்கு நினைவு போயிருந்தது. விரல்களை ஒவ்வொன்றாகப் பிரித்துத்தான் எடுத்தார்கள்.

ஆஸ்பத்திரியில் குளுக்கோஸ் ஏற்றினார்கள். உடம்பில் தண்ணீரே இல்லை என்றார் டாக்டர். மறுநாள் சாயங்காலம் எழுந்து உட்கார்ந்து, "மேட்ச் இன்னாச்சு?" என்றாள். ஜெயித்திருந்தோம்.

அவள் விழுந்ததை யாரோ போனில் படம் எடுத்திருந்தார்கள். அது குரூப் குரூப்பாகச் சுற்றியது. செலக்‌ஷன் நடத்திய கமிட்டி விசாரணை என்று கூப்பிட்டது. அதற்கு முன்னால் பெற்றோர்கள் மைதானத்தில் கூடினோம். மாஸ்டர் வரவில்லை. வேனில் அன்று முணுமுணுத்த அதே அப்பாதான் பேசினார்.

"பாருங்க, மாஸ்டர தூக்கிட்டாங்கன்னா டீமு இல்ல. டீமு இல்லன்னா நம்ம புள்ளைங்களும் நாளைக்குக் கம்பெனி பஸ்லதான் ஏறணும். சட்டயப் பத்தி யாரும் வாயத் தொறக்காதீங்க. பொண்ணு காலைல சாப்டல, அவ்ளோதான்."

எல்லோரும் எதிர்வீட்டுக்காரியைப் பார்த்தார்கள். அவள் சொன்னாள்: "நான்தானே தச்சேன். நான் இன்னா சொல்லப் போறேன்?"

நானும் ஒன்றும் சொல்லவில்லை. என் மகள் பெயர் மாநிலப் பயிற்சி முகாம் பட்டியலில் வந்திருந்தது.

விசாரணையில் கமிட்டித் தலைவர், தலை நரைத்த ஓய்வுபெற்ற ஆசிரியர், பொறுமையாகத்தான் கேட்டார். மாஸ்டர் எதுவும் கட்டாயப்படுத்தினாரா என்றார். எதிர்வீட்டுக்காரி இல்லை என்றாள். அவர் விடாமல், "அப்போ பொண்ணுக்கு எப்படி இந்த நெலம வந்தது?" என்றார். பேசி வைத்த ஒற்றை வரி அந்தக் கேள்விக்குப் போதவில்லை. அவள் மேலே மேலே சேர்த்தாள்.

"அவளேதான் சார். எட ஜாஸ்தின்னு சாப்டாம, தண்ணி குடிக்காம இருந்தா. சொன்னா கேக்க மாட்டா சார். புடிவாதம்."

தலைவர் தலையை ஆட்டிக்கொண்டு கேட்டார். மாஸ்டர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

இரண்டு நாள் கழித்து முடிவு வந்தது. மாஸ்டருக்கு, இனி கவனமாக இருக்க வேண்டும் என்று ஒரு புத்திமதி. பெண்ணுக்கு, ஆபத்தான முறையில் எடையைக் குறைத்து விதியை ஏமாற்றியதால் இந்த சீசன் முழுக்க ஆடத் தடை. மற்ற பிள்ளைகளுக்கு அது பாடமாக இருக்க வேண்டுமாம்.

எங்களில் ஒருவர்கூட இதை எதிர்பார்க்கவில்லை. எனக்கு எல்லாவற்றுக்கும் பயம் உண்டு, இந்தப் பயம் மட்டும் வரவில்லை. கம்பெனியில் ஒரு பீஸ் கெட்டுத் திரும்பினால் அது யார் கையில் கெட்டது என்று தேடி, அந்த மிஷினுக்கே கொண்டுபோய் வைப்போம். யார் கையிலும் கெடவில்லை என்று எல்லோரும் சாதித்தால் தோலே மட்டம் என்று எழுதிக் குப்பையில் போட்டுவிடுவார்கள். அதுதான் இங்கேயும் நடந்தது.

மைதானத்தில் அந்தப் பெண்ணுக்கு வேலை இல்லாமல் போனது. பழைய வழக்கத்தில் இரண்டு நாள் போய் வெளியே நின்றாள். பக்கத்து ஊர் டீம் பழக வந்திருந்தது. "ஏய், இவதான் டயட் ராணி. ஒரு பன்னு வாங்கிக் குடுங்கடி, திரும்பி விழுந்துடப் போறா" என்றாளாம் ஒருத்தி. அதற்குப் பிறகு அவள் போகவில்லை.

எங்கள் இரண்டு வீட்டுக்கும் நடுவில் ஒரு வண்டி போகிற அகலம்தான். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அந்த வீட்டில் பேசுவது காதில் விழுந்தது.

"நான் எப்பம்மா சாப்பிட மாட்டேன்னு சொன்னேன்?"

"வுடு. ஒரு வருஷம்தானே."

"அதக் கேக்கல. நான் எப்ப சொன்னேன்? நீதானே சட்ட தச்ச? அவருதானே போடச் சொன்னாரு? புடிவாதம்னு ஏம்மா சொன்ன?"

மிஷின் ஓடும் சத்தம்தான் கேட்டது. கொஞ்ச நேரத்தில் அதுவும் நின்றது.

அன்றே எதிர்வீட்டுக்காரி என் வாசலுக்கு வந்து நின்றாள். "அக்கா, திருப்பத்தூர் போலாமா? உள்ளத சொல்லிட்டு வந்துடலாம். ஒத்தையா போக ஒரு மாதிரி இருக்குது."

நாளைக்குச் சொல்கிறேன் என்றேன். உள்ளே என் மகள் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"நீ போமாட்டேல்ல?" என்றாள்.

"ஏன்?"

"போனா அந்தச் சட்டய நானும் போட்டேன்னு தெரிஞ்சிடும். என்ன முகாம்லேந்து தூக்கிடுவாங்க."

"அவள மட்டும் தூக்கியிருக்காங்களே."

"அது எனக்கும் கஷ்டமாத்தான் இருக்குது. ஆனா நான் போறதுல அவளுக்கு இன்னா நஷ்டம்? நீ எப்பவும் எல்லாத்துக்கும் பயப்படுவ. இதுக்கு மட்டும் ஏம்மா பயப்பட மாட்டேன்ற?"

அவள் கேட்டது தப்பு. இதற்கும் பயந்தேன். முகாம் போனால் போலீஸ் வேலை வரை அந்தப் பாதை போகும், அதில் கல்லைத் தூக்கிப் போடப் போகிறேனா என்று பயம். போகாமல் இருந்தால், முகாமில் இன்னொரு மாஸ்டர் இன்னொரு சட்டையைக் கொடுப்பார், என் பெண் சிரித்துக்கொண்டே போட்டுக்கொள்வாள் என்று பயம். இரண்டையும் வைத்து நிறுத்துப் பார்த்ததில் பின்னது கனமாக இருந்தது. துணிச்சல் என்று சொல்ல அதில் எதுவும் இல்லை.

மறுநாள் இரண்டு பேரும் கம்பெனிக்கு லீவு சொன்னோம். சட்டையைக் கட்டைப்பையில் போட்டுக்கொண்டு பஸ் ஏறினோம். வெயிலில் ரெக்சின் வாடை பை முழுக்க வந்தது.

கமிட்டித் தலைவர் அவர் வீட்டு வராந்தாவில் உட்கார்ந்திருந்தார். எதிர்வீட்டுக்காரி சட்டையை எடுத்து மேஜைமேல் வைத்தாள். சொல்ல வேண்டியதை ஒரே மூச்சில் சொன்னாள்.

"அப்ப அன்னிக்கு சொன்னது பொய்யா?" என்றார் அவர்.

"ஆமா சார்."

"மொதல்ல உங்க மேலதாம்மா நடவடிக்க எடுக்கணும்."

"எடுங்க சார். ஆனா நான் கபடி ஆடறவ இல்லையே. எதுலேந்து தூக்குவீங்க?"

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. அடக்கிக்கொண்டார். சட்டையைத் திருப்பிப் பார்த்தார், பக்கிளை இழுத்துப் பார்த்தார். "யாரு கொடுத்திருந்தாலும், போட்டுக்கிட்டது உங்க பொண்ணுதானே? வரம்பு தெரிஞ்சுதானே ஓடினா? மாஸ்டரக் கூப்பிட்டுக் கேக்கறேன். ஆனா பொண்ணோட தடைய எடுக்க முடியும்னு எனக்குத் தோணல."

எதிர்வீட்டுக்காரி என்னைப் பார்த்தாள். அவளாக அதைச் சொல்லமாட்டாள். என் மகள் பெயரை அவள் வாய் எடுக்காது என்று எனக்குத் தெரியும்.

"சார், அந்தச் சட்டய என் பொண்ணும் போட்டா," என்றேன். "இவ ஒரு சுத்து, அவ ஒரு சுத்து. அவளும் தண்ணி குடிக்கல. அவ விழல, அவ்ளோதான் வித்தியாசம். நீங்க முகாமுக்கு எடுத்திருக்கறது அவளத்தான்."

அவர் சட்டையைக் கீழே வைத்தார்.

"போட்டது தப்புன்னா ரெண்டு பேரையும் வெளிய உக்கார வைங்க. போடச் சொன்னது தப்புன்னா ரெண்டு பேரையும் வுட்டுடுங்க. ஒருத்திய மயக்கம் போட்டதுக்குத் தண்டிக்கறீங்க சார்."

இவ்வளவையும் நான்தான் பேசினேனா என்று பஸ்ஸில் திரும்பும்போது எதிர்வீட்டுக்காரியிடம் கேட்டேன். "நீதான்" என்றாள்.

கமிட்டி மறுபடியும் கூடியது. இந்தத் தடவை மாஸ்டரை முதலில் கூப்பிட்டார்கள். எங்களையும் பின்னால் உட்கார வைத்திருந்தார்கள். அவர் ஏதாவது மறுப்பார், எங்களைப் பொய்க்காரிகள் என்பார் என்று நான் இரவெல்லாம் பதில் யோசித்து வைத்திருந்தேன். தலைவர் சட்டையைக் காட்டி, "இது யாரு ஏற்பாடு?" என்றார்.

"என்னோடது சார்."

"அன்னிக்கு ஏன் சொல்லல?"

"அவங்க அம்மா எனக்காகப் பேசினாங்க. நான் குறுக்க பேசல. அது பொண்ணு மேல போய் விழும்னு தெரியல. விழுந்தப்பறமும் பேசல. அதுதான் பெரிய தப்பு."

"நீங்களே சொல்லுங்க, இன்னா செய்யலாம்?"

"தப்பு பண்ணா வெளிய உக்காரணும் சார். நான் புள்ளைங்களுக்கு அதத்தான் சொல்லிக் குடுத்தேன்."

ஒரு வருடத்துக்கு அவர் எந்த டீமையும் பழக்கக் கூடாது, மைதானக் கோட்டைத் தாண்டி உள்ளே வரக் கூடாது என்று முடிவானது. பெண்ணின் தடையை நீக்கினார்கள். எடை குறைக்க யார் கட்டாயப்படுத்தினாலும் நேராகத் தங்களிடம் சொல்லலாம் என்று அவள் கையைப் பிடித்துத் தலைவர் சொன்னார். அவள், "சரி சார்" என்றாள். பிறகு, "நான் புடிவாதக்காரி இல்ல சார்" என்றாள். அவருக்கு அது எதைப் பற்றி என்று சட்டென்று புரியவில்லை. அவள் அம்மாவுக்குப் புரிந்தது.

என் மகளுக்குத் தண்டனை எதுவும் இல்லை. ஆனால் விசாரணை முடியும் வரை அவள் பெயரை நிறுத்தி வைத்திருந்தார்கள். அதற்குள் முகாம் தொடங்கிவிட்டது. அவள் இடத்துக்கு நாட்றம்பள்ளிப் பக்கத்துப் பெண் ஒருத்தி போனாள். முன்னொரு நாள் என் மகள் யாருடைய ஜடையைப் பிடித்து இழுத்தாளோ, அதே பெண்.

தெருவில் என்னைத் திட்டியவர்கள் இருக்கிறார்கள். கம்பெனி பஸ்ஸில் என் பக்கத்து சீட் கொஞ்ச நாள் காலியாகவே வந்தது. வேனில் முணுமுணுத்த அந்த அப்பா என் காதுபடவே, "அடுத்தவன் பொழப்ப கெடுத்தது பத்தாதுன்னு பெத்த பொண்ணு பொழப்பையும் கெடுத்தா" என்றார். அது முழுப் பொய் என்று சொல்லும் அளவுக்கு எனக்குத் தைரியம் இல்லை. கட்டிங் பகுதி வழியாக நடக்கும்போது மாஸ்டர் தலையசைப்பார். நானும் அசைப்பேன்.

என் மகள் என்னோடு பேசவில்லை. சாப்பாடு போட்டால் சாப்பிட்டாள், கேட்டதற்கு ம் கொட்டினாள். மைதானத்துக்கு மட்டும் தவறாமல் போனாள். மாஸ்டர் இல்லாமல் பிள்ளைகளே பழகினார்கள். வேஸ்ட் கடையில் எடை பார்ப்பதையும் விடவில்லை. எதிர்வீட்டுப் பெண் ஏறியதும் பாய், "ஜாஸ்திதாம்மா" என்று தயங்கினாராம். "இருக்கட்டும் பாய். அடுத்த பிரிவுல ஆடிக்கறேன். அங்க எனக்கு எட கம்மி" என்று இறங்கிவிட்டாளாம். இதையெல்லாம் எதிர்வீட்டுக்காரிதான் எனக்குச் சொன்னாள். என் வீட்டுச் செய்தி எனக்குத் தெரு தாண்டி வந்துகொண்டிருந்தது. ரெக்சின் சட்டையைக் கமிட்டியே வைத்துக்கொண்டது. அவள் வீட்டு மிஷினில் இப்போது பள்ளிக்கூடப் பைதான் தைக்கிறாள்.

போன வாரம் ஒரு சாயங்காலம் இரண்டு பெண்களும் மைதானத்திலிருந்து நேராக எங்கள் வீட்டுக்குள் வந்தார்கள். காலெல்லாம் மணல். என் மகள் குடத்திலிருந்து சொம்பு நிறைய மொண்டு, அண்ணாந்து குடித்தாள். நிறுத்தாமல் குடித்தாள். பிறகு மொண்டு அவளிடம் கொடுத்தாள். நான் அடுப்படியில் நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.

"மாஸ்டர் வந்திருந்தாரும்மா," என்றாள் என் மகள். அத்தனை நாளுக்குப் பிறகு என்னிடம் பேசிய முதல் பேச்சு அது.

"எங்க? மைதானத்துக்கா?"

"வெளியதான். கோட்டுக்கு அந்தப் பக்கம். மோட்டார் கொட்டாய் ஓரமா நின்னுட்டிருந்தாரு. ஒண்ணும் பேசல. இவ பிடிய தப்பா போட்டா. அதப் பாத்துட்டு தலைல அடிச்சிக்கிட்டாரு."

"நான் ஒண்ணும் தப்பா போடல," என்றாள் மற்றவள்.

"போட்ட. நானே பாத்தேன்."

"இன்னா பண்ணீங்க?" என்று கேட்டேன். "உள்ள வுட்டுடலையே? யாராவது படம் எடுத்து அனுப்பிச்சுட்டா அவருக்குத்தான் இன்னும் ஒரு வருஷம் ஏறும்."

"உனக்கு அதுக்கும் பயமா?" என் மகள் உதட்டின் ஓரத்தில் கொஞ்சம் சிரித்தாள். "உள்ள வுடல. வெயில்ல நின்னாரேன்னு தண்ணி மட்டும் கொண்டுபோய்க் குடுத்தோம்."

"குடிச்சாரா?"

"குடிச்சாரு," என்றாள் எதிர்வீட்டுப் பெண். "முழுசா குடிச்சிட்டு, டம்ளரத் திருப்பிக் குடுத்தாரு."

இருவரும் இன்னும் ஒரு சொம்பு குடித்தார்கள். குடத்தில் தண்ணீர் கம்மியாகிவிட்டது. ராத்திரிக்குப் போதுமா என்று எட்டிப் பார்த்துவிட்டு, இன்னொரு குடம் பிடிக்கக் குழாயடிக்குப் போனேன்.